எரிமலை மேல் ஒரு கிரகப்பிரவேசம்

மெல்போர்ன் விமானம் ரத்து என்று சிங்கப்பூரில் அறிவித்தபோது, அந்தக் கூடத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் நான்தான். காரணம் எரிமலை! இந்தோனேசியாவில் ஒரு மலை முந்தின நாள் வெடித்து, வானத்தில் சாம்பலைத் துப்பியிருக்கிறது. அந்தச் சாம்பல் விமானப் பாதையில் மிதக்கிறதாம். திருச்சியில் பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் பூகோளம் நடத்திவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவள் நான். எரிமலைப் பாடம் வந்தால் சிவப்பு சாக்பீஸ் தீரும் வரை வரைவேன். ஆனால் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. இப்போது ஒரு நிஜ எரிமலை என்னை வழிமறிக்கிறது என்றால் சும்மாவா?

கவுண்டருக்கு ஓடினேன். "எந்த மலை? சாம்பல் எவ்வளவு உயரம் போயிருக்கு?" என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேடம், உங்களுக்கு ஹோட்டல் வேணுமா, வேற விமானம் வேணுமா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

பக்கத்தில் அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு ஆஸ்திரேலியர் தரையில் உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்துத் தீவிலிருந்து தப்பி வந்தவர். விட்டேனா? பக்கத்தில் சம்மணம் போட்டுவிட்டேன். விடுதி வாசலில் விழுந்த சாம்பலை அவர் பெருக்கப் போனாராம். விடுதிக்காரம்மா துடைப்பத்தைப் பிடுங்கி, "காஞ்ச சாம்பலைக் கூட்டினா உன் மூக்குக்குள்ளதான் போகும், முதல்ல தண்ணி தெளி" என்று திட்டினாளாம். கதவிடுக்கில் ஈரத்துணி, ஜன்னலுக்கு டேப், வெளிக்காற்றை இழுக்கும் ஏசிக்கு ஓய்வு. "ஒரு ராத்திரி பூரா ஊறுகாய் ஜாடிக்குள்ள இருந்த மாதிரி இருந்தது" என்றார். அவர் சொன்னது வேறு ஏதோ ஜாடி. எனக்கு ஊறுகாய் ஜாடிதான் ஞாபகம் வந்தது.

நம் அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை அது. பொடிப் பொடியான கல், கண்ணாடி. விமான எந்திரத்துக்குள் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும். இதை நான் அக்கம்பக்கத்துப் பயணிகளுக்கெல்லாம் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் கிளம்பி வந்த காரியத்தைச் சொல்லவில்லையே! என் தம்பி குமரன் மெல்போர்னில் வீடு கட்டியிருக்கிறான். தை மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் கிரகப்பிரவேசம். அவனுக்கு ஒரே அக்கா நான். நான் இல்லாமல் பால் காய்ச்சமாட்டேன் என்று அவன் மனைவி சுமதி போனில் சொல்லிவிட்டாள். நாத்தனாரை இவ்வளவு மதிக்கிற பெண் இந்தக் காலத்தில் கிடைப்பாளா? நீந்தியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று கிடைத்த விமானத்தில் ஏறினேன். அது சிட்னிக்குப் போனது.

சிட்னியில் கிரவீன் என்ற இடத்தில் என் கல்லூரித் தோழி ரேவதி இருக்கிறாள். விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்துவிடலாம் என்றாள். பாதி வழியில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். தண்டவாளத்தில் வேலையாம், மாற்றுப் பேருந்தாம். நம்மூரில் ரயில் நின்றால் காரணம் சொல்ல ஆள் இருக்காது. இங்கே மஞ்சள் சட்டை போட்ட நாலு பேர் நின்று வணக்கம் சொல்லாத குறையாக வழி காட்டுகிறார்கள். ஆனால் பஸ் என்னவோ நம்மூர் மாதிரியே வராமல்தான் இருந்தது.

ரேவதி வீட்டுக்குப் போனதும் இடியாப்பமும் சொதியும் போட்டாள். பக்கத்துத் தெரு இலங்கைக் கடையில் வாங்கியதாம். "நம்ம ஊர் ஓட்டல்ல கூட இந்த மெல்லிசு கிடையாதுடி" என்றேன். நீயும் ஒரே நாளில் இலங்கைக் கட்சிக்கு மாறிவிட்டாயா என்று சிரித்தாள். கிளம்பும்போது என் கைப்பையில் ஒரு கட்டு பிளாஸ்டிக் குளியல் தொப்பிகளைத் திணித்தாள். "எதுக்குடி இத்தனை? எனக்கு இருக்கறது ஒரு தலைதானே?" என்றேன். "ஹோமம் இருக்குல்ல? கூரையில புகை அலாரம் இருக்கும். அதுக்கு மாட்டி விடு. இல்லேன்னா கத்தி ஊரைக் கூட்டிடும். இங்கே எல்லாரும் இதைத்தான் பண்றோம்."

மறுநாள் மெல்போர்ன். குமரன் வீடு ட்ருகனினாவில். கண்ணுக்கெட்டின தூரம் வரை கிடங்குகள், அப்புறம் புத்தம் புது வீடுகள், அப்புறம் காய்ந்து வெளுத்த புல்வெளி. காரில் போகும்போதே குமரன் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு வந்தான். "அக்கா, உனக்கு ஒரு எரிமலை காட்டறேன்."

"எங்கேடா? எங்கேடா?" ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிவிட்டேன்.

வண்டியை அவன் வீட்டு வாசலில் நிறுத்தினான். இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு மேடுகூட இல்லை. சாலை லேசாக ஏறினது, அவ்வளவுதான்.

"மலை எங்கேடா?"

"நீ நிக்கறதுதான்க்கா."

அடப் பாவி! அந்தக் குடியிருப்பே ஒரு அணைந்த எரிமலையின் சரிவில் கட்டியதாம். ஆயிரமாயிரம் வருஷங்களுக்கு முன்னால் குழம்பு ஒழுகி, தோசை மாவு மாதிரி பரவி ஆறிய பூமி. பின்கட்டில் சுமதி கறிவேப்பிலைக் கன்று நடக் குழி தோண்டியிருந்தாள். ஒரு சாணுக்குக் கீழே கறுப்புப் பாறை, உடம்பெல்லாம் பொத்தல் பொத்தலாக. நான் அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து அதைத் தடவினேன். பொத்தல் ஒவ்வொன்றும் வாயு வெளியேறின இடம். இதைத்தானே இத்தனை வருஷம் கரும்பலகையில் புள்ளி புள்ளியாக வைத்தேன்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

உற்சாகத்தில் போட்டோ எடுத்து, "தம்பி எரிமலை மேல் வீடு கட்டியிருக்கிறான்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன். ஊரிலிருந்து பெரியப்பா, "உடனே வித்துடச் சொல்லு" என்று பதில் அனுப்பினார். குமரன் தலையில் அடித்துக்கொண்டான்.

அன்று, இன்னும் காலி செய்யாத வாடகை வீட்டில் சாப்பிடும்போது சுமதி மனதைத் திறந்தாள். அவளுக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால் நீல இன்ஹேலர் இல்லாமல் முடியாது. ஆனால் அவள் பேசியது அதைப் பற்றி இல்லை. இந்த ஊரில் அவர்கள் மாறின வாடகை வீடுகளைப் பற்றி. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. சாமி படம் அலமாரிக்குள். சில மாதத்துக்கொரு தரம் ஏஜென்ட் வந்து மூலை முடுக்கெல்லாம் பார்ப்பாராம். ஒருமுறை விளக்குக் கரி கூரையில் படிந்ததற்கு இவள் ஏணி போட்டுத் துடைக்க வேண்டியிருந்ததாம்.

"ஊதுபத்தி ஏத்தறதுக்குக்கூட ஜன்னல் பக்கம் ஒதுங்கி நிப்பேன் அண்ணி, ஏதோ தப்பு பண்றவ மாதிரி. என் வீட்டுல ஒரு நாள் கூச்சப்படாம ஹோமம் வளர்க்கணும். புகை கூரையை முட்டணும். அதைப் பாத்துட்டேன்னா போதும்."

"முட்டும்டி, முட்டும்! நான் இருக்கேன்ல?" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா?

வியாழக்கிழமை காலையில் வானம் காவி நிறத்தில் இருந்தது. வடக்கே மலைப்பக்கம் காட்டுத்தீயாம். அனல் காற்று புகையை அப்படியே எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. மத்தியானத்துக்குள் சூரியன் அப்பளம் மாதிரி வெளிறிப்போனது. கார் மேல் சாம்பல் துகள்கள் வந்து உட்கார்ந்தன. ஒன்றைத் தொட்டேன், பூப்போல உதிர்ந்தது. எரிமலைச் சாம்பல் இல்லை, மரத்துச் சாம்பல். இருந்தால் என்ன, எனக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். எல்லாரையும் புது வீட்டுக்குக் கிளப்பினேன்.

"குமரா, டேப் எடு! சுமதி, பழைய துண்டெல்லாம் நனை!" என்று ஆணை பிறந்தது. கூரை மேல் ஒரு ராட்சத ஏர்கூலர் இருந்தது. வெளிக்காற்றை ஈரப்படுத்தி உள்ளே தள்ளுகிற வகை. அதை நிறுத்தினேன். கதவிடுக்கெல்லாம் ஈரத்துண்டு. ஜன்னல் விளிம்பெல்லாம் நீல டேப். குளியலறைக் காற்றாடித் துளைகளையும் விடவில்லை. சுமதிக்கு மட்டும் பின்னறையில் காற்றைச் சுத்தப்படுத்தும் எந்திரத்தை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினோம். வாசலில் தண்ணீர் தெளித்துத்தான் கூட்டினேன். அந்த முகம் தெரியாத விடுதிக்காரம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.

பக்கத்து வீட்டு மலர் அன்ரி எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மகனோடு படகில் வந்தவர், கிடங்கில் பொதி கட்டும் வேலை. அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்.

"என்ன பிள்ளை, வீட்டைப் பொதி கட்டுறியளோ? கட்டுறதெண்டால் என்னையெல்லோ கூப்பிட வேணும்!"

"ஆமா அன்ரி. ஒரு பொட்டுப் புகை உள்ளே வரக்கூடாது!"

"ஓம் ஓம், நல்லாக் கட்டுங்கோ. நாளைக்குச் சாம்பார் வைக்கக் கிடாரம் தேவையெண்டு சுமதி கேட்டவள். விடியக் கொண்டு வாறன்." கிடாரம் என்றால் நாம் சொல்லும் பெரிய அண்டா. சொன்னபடியே மறுநாள் காலை, ஒரு ஆளே உள்ளே உட்காரலாம் போல ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கூடத்து ஓரத்தில் வைத்தார்.

குருக்களும் வந்துவிட்டார். கேரம் டவுன்ஸ் பக்கத்திலிருந்து, ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, புகையில் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டி வந்தாராம். தை மாதம், அவர் கிடைத்ததே பெரிய விஷயம். டேப் ஒட்டின ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, "பேஷ்! வெளிப்புகை ஒரு பொட்டு வரல" என்று பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வலது காலை வைத்து உள்ளே போனோம். மின்னடுப்பில் பால் பொங்கியது. நாற்காலி மேல் ஏறி, கூரையில் இருந்த அலாரங்களுக்கெல்லாம் ரேவதி கொடுத்த குளியல் தொப்பிகளை மாட்டினேன். குருக்கள் செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, செம்புக் குண்டத்தை வைத்து அக்னி வளர்த்தார்.

இங்கேதான் கேட்கவேண்டும். வெளிப்புகை உள்ளே வராமல் வீட்டை ஜாடி மாதிரி மூடியாகிவிட்டது. இப்போது உள்ளே புகையைக் கிளப்பினால் அது எந்த வழியாக வெளியே போகும்? இந்தக் கேள்வி அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஐ.டி.யில் பெரிய வேலை பார்க்கும் தம்பிக்குத் தோன்றவில்லை. எரிமலையின் வாயு எந்தத் துளை வழியாக வெளியேறும் என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கும் தோன்றவில்லை. ஹோமம் என்றால் நமக்கு அது புகையே இல்லை, ஹோமம்தான்!

நெய் விட்டதும் தீ எழும்பியது. சமித்துப் புகை கூரையைத் தொட்டது. சுமதி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளை மாதிரி. "முட்டிடுச்சு அண்ணி!" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முட்டின புகை போக இடமில்லாமல் அப்படியே கீழே இறங்க ஆரம்பித்தது.

முதலில் குருக்கள் இருமினார். அப்புறம் மலர் அன்ரி முந்தானையால் மூக்கைப் பொத்தினார். நான் சுமதியின் தோளைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் காது வரை ஏறி இறங்கியது. மந்திரச் சத்தத்துக்கு நடுவே விசில் மாதிரி ஒரு சத்தம். இன்ஹேலரை உறிஞ்சினாள், மறுபடியும் உறிஞ்சினாள்.

"எழுந்து வாடி சுமதி."

தலையை ஆட்டினாள். "சங்கல்பம்... ஆயிடுச்சு... எழுந்திருக்கக்... கூடாது." ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. குமரனின் கையை இறுகப் பிடித்திருந்தாள். தூக்கப் போனால் உதறினாள்.

குமரன் பாய்ந்து ஜன்னல் டேப்பைக் கிழித்தான். வெளியிலிருந்து காவிப்புகை குப்பென்று உள்ளே வந்தது. மூடினான். அடுப்பில் பிடிக்கும் துணியை எடுத்து ஹோம குண்டத்தைத் தூக்கப் போனான். "பின்கட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்!"

"வெளியிலையோ!" மலர் அன்ரி குறுக்கே விழுந்தார். "இண்டைக்கு டோட்டல் ஃபயர் பேன் எல்லோ! வெளியில ஒரு குச்சி கொளுத்தக் கூடாது. இந்தக் காத்துக்கு ஒரு பொறி பறந்தால் அந்தப் புல்லு முழுக்கப் பத்தும். முழுத் தெருவும் போம்!"

உள்ளே வைக்க முடியாது, வெளியே கொண்டுபோக முடியாது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் புகை. ஹோம அக்னியை யார் கையால் அணைப்பது? குருக்கள் என்னைப் பார்த்தார். குமரன் குருக்களைப் பார்த்தான். சுமதியின் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன! ஓரத்தில் இருந்த கிடாரத்தை இரண்டு கையாலும் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, செங்கல், மணல், குண்டம் எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிட்டேன். டங்கென்று சத்தம்.

"ஐயோ பிள்ளை! போன கிழமை அதுக்குள்ள ஆட்டிறைச்சி காய்ச்சினனான்!" என்றார் மலர் அன்ரி.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கணபதி ஹோமத்தை மட்டன் அண்டா போட்டு மூடியவள் பூலோகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "அக்கா, என்ன பண்ணிட்டே!" என்று குமரன் கத்தினான். என் உள்ளங்கை எரிந்தது. குருக்கள்தான் பேசினார். "அக்னி பகவானை அப்புறம் நான் சமாதானம் பண்ணிக்கறேன். முதல்ல அந்தப் பொண்ணைத் தூக்குங்கோ!"

அக்னியே அடங்கின பிறகு உட்கார்ந்திருக்க என்ன இருக்கிறது? சுமதி எழுந்துவிட்டாள். பின்னறைக்குப் போவதென்றால் கூடத்துப் புகை முழுக்கத் தாண்டவேண்டும், வாசல்தான் கிட்டே. வாசலில் நின்ற காரில் ஏற்றி, கண்ணாடியை அடைத்து, வெளிக்காற்று வராமல் ஏசியை வைத்தோம். டிரைவர் சீட்டிலிருந்து திரும்பி, குழாய் மாட்டிய இன்ஹேலரைக் குமரன் அவள் வாயில் பிடித்தான். இன்னொரு கையில் ஆம்புலன்ஸை அழைக்கப் போன். நான் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டாத தெய்வமில்லை. உனக்கு ஹோமமே வேண்டாம், அவளை விட்டுவிடு என்று பிள்ளையாரிடம் சண்டை போட்டேன். விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. தோள் இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. குமரன் எண்ணைத் தட்டாமலே போனைக் கீழே வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

மூக்கை மூடிக்கொண்டு அவளைக் கூடத்தைத் தாண்டிப் பின்னறைக்குக் கொண்டுபோனோம். அங்கே மட்டும் காற்று சுத்தமாக இருந்தது. கட்டில் கூட வந்திருக்காத வெறும் அறை. மத்தியானம் டாக்டரிடம் போவதென்று முடிவானது. நான் கூடத்துக்குப் போய், கூரையில் இருந்த குளியல் தொப்பிகளை உருவினேன். அலாரங்கள் அத்தனையும் சேர்ந்து ஓலமிட்டன. ஓலமிடட்டும்! ஒவ்வொன்றாய் அடக்கிவிட்டு வந்தபோது, பின்னறை வாசலில் குருக்கள் போனில் பஞ்சாங்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பாதியில நிக்கப்படாது. நாளைக்குக் காலம்பற ஒரு முகூர்த்தம் இருக்கு. அதை விட்டா இன்னும் ரெண்டு வாரம்."

"அக்கா ஞாயித்துக்கிழமை கிளம்பறாளே!" என்றான் குமரன். "நாளைக்கே வச்சுடலாம் சாமி. காத்து மாறிடும்னு சொல்றாங்க."

"காத்து எங்க மாறும்? அடுத்த கிழமை வரை இப்பிடித்தானாம்" என்றார் மலர் அன்ரி.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். நான் டிக்கெட்டை மாற்றலாமா என்றேன். ரேவதியிடம் கேட்கலாமா என்றான் குமரன். சுமதி சுவரில் சாய்ந்து, பட்டுப்புடவை கசங்கத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தொண்டை கம்மியிருந்தது. ஆனால் மூச்சு வாங்காமல், முழு வாக்கியமாகப் பேசினாள்.

"மழை வரட்டும் சாமி. ஜன்னலெல்லாம் திறந்து வச்சுட்டு, அப்புறம் பண்ணலாம். வாடகை வீட்டுலதான் தேதி பாத்துக் காலி பண்ணணும். நாங்க இங்கேயேதானே இருக்கப் போறோம், எதுக்கு அவசரம்?"

மலர் அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுமதி கையைத் தலைக்கு வைத்துத் தரையில் நீட்டிப் படுத்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள். குருக்கள் தன் பையை எடுத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் வாசலுக்கு நடந்தார்.